விலை சொன்ன பிறகு

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. விலை சொன்ன பிறகு அவரால் சும்மா இருக்க முடியாது. எதிராளி பேரம் பேசினால் குறைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எதிராளி மூச்சு விட்டாலே குறைப்பவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கம்ப்யூட்டர் ஆலோசகர் ஆன பிறகு இவருக்கு வந்த முதல் ஆள் ஓர் அச்சகக்காரர். இவர் முப்பதாயிரம் என்றார். அச்சகக்காரர் இருமினார். உடனே இவர் இருபத்தைந்து என்றார். அவர் மறுபடியும் இருமினார். இவர் பதினைந்துக்கு இறங்கினார். கடைசியில் எட்டாயிரத்துக்கு முடித்து, அதையும் வேலை முடிந்ததும் பார்த்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த மனிதருக்கு ஒரு வாரமாகச் சளி என்பது பிறகுதான் தெரிந்தது.

எனக்கு இந்த வழவழா கொழகொழா எல்லாம் ஆகாது. நான் அழகு நிலையம் நடத்துகிறேன். புருவம் திருத்த இவ்வளவு, முடி வெட்ட இவ்வளவு என்று சுவரில் பலகை மாட்டியிருக்கிறேன். மூன்று நிமிஷ வேலைக்கு இவ்வளவா என்று யாராவது கேட்டால், நூலுக்கு வாங்கவில்லை, பாதிப் புருவம் போகாமல் இருப்பதற்கு வாங்குகிறேன் என்பேன். அதற்கு மேல் ஒருத்தியும் வாய் திறந்ததில்லை.

அடிமாட்டு விலையிலேயே ஏழு மாதம் ஓடியது. பழைய அலுவலக மேலாளர் திரும்பி வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று கெடு வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஒரு பெயிண்ட் கடை முதலாளியம்மாவோடு இவருக்கு வீடியோவில் பேச்சு. அது நல்ல விலைக்குப் படியாவிட்டால் பழைய நாற்காலிக்கே போய்விடுவதாகச் சொன்னார். அந்த அலுவலகத்தில் இருந்த பதினோரு வருஷமும் மனிதர் வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்தபடிதான் சாப்பிடுவார். இப்போது பாத்திரம் கழுவும்போது பாடுகிறார். கர்ண கடூரமாகத்தான் பாடுகிறார். ஆனாலும் அது நின்றுவிடக் கூடாது என்று எனக்கு இருந்தது.

வியாழக்கிழமை கணக்குப் போட உட்கார்ந்தோம். மூன்று கடை, ஒரு கிடங்கு. கம்ப்யூட்டர் காட்டும் சரக்கும் கிடங்கில் கிடக்கும் சரக்கும் ஒத்துப்போகவில்லை, அதைச் சரிசெய்ய வேண்டும். பன்னிரண்டு நாள் வேலை. இவர் பழைய சம்பளத்தை முப்பதால் வகுத்து, பன்னிரண்டால் பெருக்கி, யாரும் கேட்காமலே கொஞ்சம் தள்ளுபடியும் செய்து, இருபத்திரண்டாயிரம் என்று எழுதினார். காய்ச்சல் வந்து படுத்தால் உங்களுக்கு யார் சம்பளம் தருவார்கள் என்று கேட்டேன். வேலை தேடி அலைகிற நாளுக்கு? மின்சாரத்துக்கு? ஆறு மாதம் கழித்துக் கடையில் ஏதாவது நின்றுபோனால் ஓடிப்போய்ப் பார்ப்பதற்கு? ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க எண்பதாயிரத்தில் வந்து நின்றது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"எனக்கு இது ஈஸியான வேலைம்மா" என்றார்.

"உங்களுக்கு ஈஸி. அவங்களுக்கும் ஈஸியா இருந்தா உங்களை எதுக்குக் கூப்பிடறாங்க?"

விலை முடிவாகிவிட்டது, வாயைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. நான் முதலாளியம்மாவாக உட்கார, ஆறு முறை ஒத்திகை பார்த்தோம். ஆறு முறையும் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் ஐம்பதுக்கு இறங்கிவிட்டார். ஒரு தடவை பஸ் செலவையும் தானே பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எண்பதாயிரம் என்று சொன்ன மறு நொடி வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். அந்தம்மா சரி என்று சொல்லும்வரை விழுங்கக் கூடாது.

மறுநாள் நான் காமிராவில் படாமல் மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன், கையில் தம்ளரோடு. எல்லாம் பேசி முடித்து அந்தம்மா விலை கேட்டார். இவர் கண்ணை மூடிக்கொண்டு எண்பதாயிரம் என்றார். நான் தம்ளரை நீட்டினேன். இரண்டு கன்னமும் உப்பின. அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது. இவருடைய கால் ஆட ஆரம்பித்தது.

"அறுபதுன்னா முடிச்சுக்கலாமா?" என்றார் அந்தம்மா.

இவர் கெஞ்சும் கண்களோடு என்னைக் குனிந்து பார்த்தார். நான் முறைத்தேன். நிமிர்ந்தார். இல்லை என்று மெதுவாகத் தலையாட்டினார். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் இவர் யாரிடமும் இல்லை என்று தலையாட்டி நான் பார்த்தது அன்றுதான்.

சரி, எண்பதே இருக்கட்டும், திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்றார் அந்தம்மா. இவர் சந்தோஷத்தில் விழுங்கினார், புரையேறிவிட்டது. மூச்சு முட்டிக் கண் பிதுங்கியது. நான் எங்கே இருக்கிறேன் என்பதையே மறந்து, எழுந்து நின்று அவர் உச்சந்தலையில் தட்டினேன். பிறகுதான் திரையைப் பார்த்தேன். அந்தம்மா என்னையும் தம்ளரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்குப் பொய் சொல்ல வராது. இருமலுக்கு நடுவே ஒத்திகை முதல் தண்ணீர் வரைக்கும் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அந்தம்மா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி மேஜையில் விழுந்தது. எண்பது எண்பதுதான், பயப்பட வேண்டாம் என்று இவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என் கடைப் பசங்க, வாங்க வந்தவங்க முகம் சுளிச்சாலே விலையைக் குறைச்சிடறாங்க. நீங்க ரெண்டு நாள் வந்து அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும். என்ன வாங்குவீங்க?"

சுவரில் பலகை மாட்டி வியாபாரம் செய்கிறவள் நான். ஆனால் இப்படிப்பட்ட வேலை எதுவும் அந்தப் பலகையில் இல்லை. இதற்கெல்லாம் என்ன வாங்குவது, வெறும் பேச்சுத்தானே, சும்மா வந்துவிட்டுப் போகிறேன் என்று என் வாயாலேயே சொன்னேன்.

இவர் இருமலை நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்களுக்கு ஒரு நாளைக்குப் பத்தாயிரம்" என்றார்.

சொல்லிவிட்டு அந்தம்மாவை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தம்மா யோசித்தார். இவர் அசையவில்லை. என்னால்தான் தாங்க முடியவில்லை, எட்டாயிரம் என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் என் காலை ஓங்கி மிதித்தார். அந்தம்மா சரி என்றார்.

திரையை மூடிய பிறகு மனசுக்குள் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு நாளுக்கு எண்பதாயிரம் என்றால் இவருக்கு ஒரு நாளைக்கு ஏழாயிரம்கூட வராது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதைக் காட்டிக்கொள்ளாமல் கோபமாகத்தான் கேட்டேன்.

"தண்ணிகூட இல்லாம எப்படிங்க கேட்டீங்க?"

"உனக்குத்தானே கேட்டேன்" என்றார். "எனக்கா கேட்டேன்?"