நாலாம் நம்பர் அறைக்கு விழுந்த சீட்டு

1958ஆம் வருடம் ஜனவரி பதினைந்தாம் தேதி, புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு, தனுஷ்கோடி வாவு லாட்ஜின் கூடத்தில் நடந்த எட்டாவது குலுக்கலுக்கு வந்திருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு: முதலாளி வாவு முகம்மது மரைக்காயர், ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில். சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ளும் லத்தீபா, சீட்டுகள் நிறைந்த மண்ணெண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் முக்காலியில். கணக்கப்பிள்ளை முனியசாமி, பதிவேட்டோடு மேசைக்குப் பின்னால். தபால்காரர் இருளாண்டி, சாட்சிக்காக வாசல் பெஞ்சில். சேதுவில் தீர்த்தமாட வந்த திருநெல்வேலிக்காரர்கள் ஆறு பேர், பாயில். மாடிப்படிக்கு அருகில் கிடந்த பிரம்பு நாற்காலியில் நாலாம் நம்பர் அறையின் வெள்ளையம்மாள், எட்டு வருடங்களுக்கு முன் கப்பல்துறையில் காணாமல் போனவள். பிரம்பு கிறீச்சிட்டது, நாற்காலிக்கு அடியில் ஈரம் சொட்டியது. அவள் உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டு லத்தீபா டின்னைக் குலுக்க ஆரம்பித்தாள்.

வெள்ளையம்மாள் அந்த லாட்ஜுக்கு வந்தது 1949 பங்குனியில். உத்தரகோசமங்கைப் பக்கத்துக் கிராமம். புருஷன் ராக்கப்பன் கண்டியில் கடைச் சிப்பந்தி. நாலு வருடமாக ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கப்பலில் வந்து இறங்குகிறவனை இறங்குகிற இடத்திலேயே பிடித்து ஊருக்குக் கூட்டிப்போவது என்று, ஒரு தகரப்பெட்டியும் அரைமூட்டை அரிசியுமாக வந்து சேர்ந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். முனியசாமிதான் அவளுக்காகக் கண்டிக்கு எழுதிப் போட்டான். வைகாசியில் பதில் வந்தது. ‘என்னை எதிர்பார்க்க வேண்டாம். இங்கே எனக்குக் குடும்பமாகி ஒரு பிள்ளையும் இருக்கிறது. உன் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்.’ அவ்வளவுதான்.

“அவுக என்ன எழுதியிருக்காக தம்பி?” என்று கேட்டாள் வெள்ளையம்மாள்.

முனியசாமிக்கு அப்போது இருபத்து நாலு வயது, அவளுக்கு இருபத்தாறு. இராமநாதபுரத்தில் எட்டாவது வரை படித்தவன். கடிதம் என்றால் இடம், தேதி, விளிப்பு, செய்தி, முடிப்பு ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும் என்று வாத்தியாரிடம் பிரம்படி பட்டுக் கற்றவன். அந்தக் கடிதத்தில் அவள் பெயர்கூட இல்லை. அவள் முகத்தைப் பார்த்தான். “அடுத்த கப்பல்ல வாராகளாம்க்கா” என்று வாசித்துவிட்டான்.

அடுத்த கப்பலில் ராக்கப்பன் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. தங்கிப்போனவர்கள் விட்டுச்சென்ற இலங்கைத் தபால் உறைகளைத் தேடியெடுத்து, வெள்ளைத்தாளை உள்ளே வைத்து, காய்ச்சலில் கிடப்பதாக ஒன்று, முதலாளி லீவு தரவில்லை என்று ஒன்று, அடுத்த கப்பலுக்குக் கட்டாயம் என்று ஒன்று, இப்படிப் பதினொரு கடிதங்களை முனியசாமி வாசித்தான். ஒவ்வொரு தடவையும் அவள் தபால்தலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பாள். தலை ஒட்டாத கடிதம் அவளுக்குக் கடிதமே அல்ல.

பதினோராவதைக் கேட்ட மறுநாள், ஐப்பசி மழையில், கப்பல் பார்க்கப் போனாள். அன்றைக்குக் கப்பலே வரவில்லை. அவளும் திரும்பவில்லை. வலைக்காரர்கள் மூன்று நாள் தேடினார்கள். அவள் போனது ஐந்து மணிக்கா ஆறு மணிக்கா என்று தெரியாததால் பதிவேட்டில் ‘போன நேரம்’ என்ற கட்டத்தை முனியசாமி வெறுமையாக விட்டான். தெரியாததை எழுதக் கூடாது என்பதில் அன்றிலிருந்து அவன் மிகவும் கண்டிப்பு. பதிவேட்டின் முதல் பக்கத்தில், போன நேரம் பதியப்படாதவர் தங்கியிருப்பவராகவே கருதப்படுவார் என்று அச்சடித்திருந்தது. நாலாம் நாள் லத்தீபா பழக்கதோஷத்தில் அந்த அறை வாசலில் டீயை வைத்துவிட்டு வந்தாள். திரும்பப் போனபோது கிளாஸ் காலியாக இருந்தது, விளிம்பில் உப்புப் பூத்திருந்தது. “டீ குடிக்கிற ஆள மவுத்தாயிட்டான்னு சொல்ல எனக்கு வாய் வராது” என்றாள். வாடகைக்கு வெள்ளிதோறும் படியில் ஏழு சங்குகள் ஈரத்தோடு கிடந்தன. மரைக்காயர் கீழக்கரைச் சங்கு வியாபாரி. அவருக்கு அதில் புகார் இல்லை.

1950இல் மரைக்காயர் குலுக்கலை ஆரம்பித்தார். சத்திரங்களுக்குப் போகிற கூட்டத்தை இழுக்க வேண்டியிருந்தது. தங்குகிற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சீட்டு, சீட்டுக்குக் காலாவதி கிடையாது, வருடம் பிறந்ததும் ஒரு பரிசு. யாத்திரைக்காரர்கள் ஒரு நாள் தங்கினார்கள், மிஞ்சினால் இரண்டு நாள். வெள்ளையம்மாள் எல்லா நாளும் தங்கினாள். ஆகவே பரிசு அவளுக்கே விழுந்தது. முதல் வருடம் விழுந்த சுவர்க்கடிகாரம் கப்பல் ஊதும்போது மட்டும் அடித்தது. அடுத்து விழுந்த தையல் மிஷின் சாயங்காலங்களில் ஓடி, வருடத்துக்கு ஒன்றாக ஆண்பிள்ளைச் சட்டை தைத்தது. காத்திருக்கிறவளுக்கு ஆளின் அளவு மறந்துவிடும்போல, ஒவ்வொரு சட்டையிலும் கை சற்று நீண்டுகொண்டே போனது. ரேடியோ விழுந்தபோது அது இலங்கையை மட்டும் பிடித்தது. கப்பல் வருகிற நாட்களில் நாலாம் நம்பர் கதவு தானாகத் திறக்கும். ஈரக் காலடி கப்பல்துறை வரை போகும், விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடும். ஊரில் யாரும் அந்தத் தடத்தை மிதிப்பதில்லை.

ஏழு வருடம் இப்படிப் போனபின் லாட்ஜில் ஆள் குறைந்தது.

“ஒரே ஆளுக்கே விழுந்தா வெளியூர்க்காரன் எவன் காக்கா தங்குவான்?” என்று மரைக்காயரை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள் லத்தீபா.

மரைக்காயர் யோசித்தார். “அவ காத்துக் கெடக்குறது கப்பலுக்குத்தானே? இந்தத் தடவ கப்பல் டிக்கெட்டையே பரிசா வச்சிருவோம். தலைமன்னார் போயி எறங்கட்டும். கணக்கப்புள்ளயும் போன நேரத்த எழுதிரலாம்.”

முனியசாமி குறுக்கிட்டான். “பாஸ்போர்ட்டு கேப்பாகளே முதலாளி.”

“கண்ணுக்குத் தெரியாத பொம்பளகிட்ட எந்த ஆபீசரு வந்து மொகத்தக் காட்டுன்னு கேக்கப் போறான்?” என்றாள் லத்தீபா.

இந்த எட்டாவது குலுக்கலில் டின்னுக்குள் வெள்ளையம்மாளின் சீட்டுகள் மட்டும் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு. லத்தீபா முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். நாலாம் நம்பர். வெள்ளிக்கிழமைக் கப்பல்.

“அந்த அம்மா எங்கய்யா?” என்றார் திருநெல்வேலிக்காரர் ஒருவர்.

“ஒம்ம பக்கத்துலதான். கால மடக்கி உக்காரும், ஈரம் படப்போவுது” என்றார் இருளாண்டி.

டிக்கெட்டைக் கொடுக்க முனியசாமி மாடியேறினான். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கொடியில் ஆறு சட்டைகள் தொங்கின. எட்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் குரல் கேட்டது. பழைய குரல்தான்.

“தம்பி, அவுக கடுதாசியெல்லாம் ஒன் மேசையிலதானே இருக்கு? அம்புட்டையும் எடுத்துக் குடு. அங்கன எறங்கி யாருகிட்டயாச்சும் காட்டி விலாசம் கேக்கணும். அப்படியே மறுவாட்டி வாசிக்கச் சொல்லியும் கேட்டுக்கிருவேன்.”

“சரிக்கா” என்றான். அவனுக்கு இப்போது முப்பத்து மூன்று வயது. அவள் இன்னும் இருபத்தாறிலேயே இருந்தாள். இருந்தாலும் அக்கா என்றுதான் வந்தது.

மேசைக்கு வந்து இழுப்பறையைத் திறந்தான். உண்மையான கடிதம் ஒன்று, வெள்ளைத்தாள்கள் பதினொன்று. தலைமன்னாரில் யாரோ ஒரு கடைக்காரன் உறையைப் பிரித்து, இதில் ஒன்றும் எழுதவில்லையே அம்மா என்று சொல்வான். வேற்றுமண்ணில், தெரியாத ஆட்களுக்கு நடுவில், கையில் ஆறு சட்டையோடு அவள் அதைக் கேட்டு நிற்பாள். அதற்குமேல் அவனால் நினைக்க முடியவில்லை. ஒரு புதுத்தாளை எடுத்து, வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடியே எழுதினான். தனுஷ்கோடி, 15-1-58. அன்புள்ள அக்கா வெள்ளையம்மாளுக்கு. ராக்கப்பன் எழுதியதை வரி மாறாமல் எழுதினான். மற்ற பதினொன்றும் என் வாயிலிருந்து வந்தவை, தாளில் இருந்தவை அல்ல என்று எழுதினான். ஐப்பசியில் நீ கடலுக்குப் போனது என் பேச்சைக் கேட்டு, என்றும் எழுதினான். முடிப்பு மட்டும் வரவில்லை. இப்படிக்கு என்று போட்டு, பெயரை எழுதினான்.

கதவுக்கு அடியில் தள்ளிவிட்டிருக்கலாம். ஆனால் தபால்தலை ஒட்டாததை அவள் தொடமாட்டாள். பசை தடவி மூடி, தபால்தலை ஒட்டி, ‘வெள்ளையம்மாள், 4ஆம் எண் அறை, வாவு லாட்ஜ், தனுஷ்கோடி’ என்று விலாசம் எழுதிக்கொண்டு தபாலாபீசுக்கு நடந்தான். அன்று கப்பல் நாள். மணலில் அவனுக்குப் பக்கத்திலேயே ஈரக் காலடி ஒவ்வொன்றாகப் பதிந்து வந்தது. கப்பல்துறைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. அவனோடு படியேறி நின்றது.

இருளாண்டி உறையைத் திருப்பிப் பார்த்தார். “நம்ம லாட்ஜுக்கேவா? நாளைக்கு நான் கொண்டாந்தாலும் ஒம்ம கையிலதானேய்யா குடுப்பேன்? அங்கன வாசிக்கிற ஆளு நீருதானே.”

“ஆமா. நாந்தான் வாசிக்கணும்.”

“நம்ம பேருக்கு ஏதும் வந்திருக்கா தம்பி?” என்று பக்கத்திலிருந்து கேட்டாள் வெள்ளையம்மாள்.

“நாளைக்கு வரும்க்கா” என்றான் முனியசாமி.

இருளாண்டி ஈரத்தை மிதிக்காமல் சுற்றிப்போய் முத்திரைக்கட்டையை எடுத்து, தபால்தலையின் மேல் ஓங்கி ஒரு குத்துக் குத்தி, கடிதத்தைப் பைக்குள் போட்டார்.