நெல்லிமேட்டு நிழற்குடை

நெல்லிமேட்டில் கட்டிய பயணியர் நிழற்குடை, உள்ளே வந்த உயிரை பஸ் வந்து நின்றால்தான் வெளியே விடும். திறப்பு விழா நடந்த வாரமே ராமசாமியின் ஆடு இதைக் காட்டிக்கொடுத்தது. மழைக்கு ஒதுங்கிய ஆட்டை வெளியிலிருந்து கயிறு போட்டு நாலு பேர் இழுத்தும் வரவில்லை. கடைசியில் விளிம்புவரை இழுத்து, வெளியில் நின்றபடியே அதை உள்ளே வைத்து அறுத்தார்கள். கறி தடையில்லாமல் வெளியே வந்தது. ஆடு பிடிவாதம் பிடித்ததாகவே ஊர் நினைத்தது. பஸ் வருவதற்கோ ரோடு இல்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையடிவாரத்துக்கு வரும் தார் ரோடு, காப்புக்காட்டின் ஓரத்தில், ஊருக்கு மூன்று கிலோமீட்டர் முன்பே முடிந்துபோயிருந்தது. நிழற்குடைக்கு நிதி வந்தது, கட்டினார்கள். ரோட்டுக்கு வரவில்லை, போடவில்லை.

அடுத்த மழைக்குக் கொளஞ்சியம்மாள் ஒதுங்கினாள். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் கூலி வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள். மழை விட்டதும் காலை வெளியே வைத்தாள்; அது உள்ளேயே ஊன்றியது. மறுபடி வைத்தாள், மறுபடியும் உள்ளேதான். வலி எதுவும் இல்லை. அவள் வீட்டுக்காரர் பாவாடை ஓடிவந்து கையைப் பிடித்து இழுக்க, அவர் கையில் வளையல் மட்டும் வந்தது. ஒரு பக்கச் சுவரை இடித்துப் பார்த்தார்கள். சுவர் போனதே தவிர அவளால் வர முடியவில்லை. பஸ் வந்தால் விடுமோ என்று ஒரு மினி லாரிக்குப் பச்சை பெயின்ட் அடித்து, நெற்றியில் ‘கள்ளக்குறிச்சி’ என்று எழுதி, கரும்புக் கொல்லை வழியாக ஓட்டிவந்து நிறுத்தினார்கள். நிழற்குடை ஏமாறவில்லை.

அதைக் கட்டிய என்ஜினியர் தீனதயாளன் வந்து, நல்ல வெயிலிலும் கூரைக்கு வெளியிலேயே நின்று பேசினார்.

“மிச்சத்தையும் இடிச்சா ஆடிட்ல நான்தான் பதில் சொல்லணும். நிழற்குடை நிதி வேற, ரோட்டு நிதி வேறம்மா. இதை அதுக்கு மாத்த முடியாது.”

“ரெண்டு நிதிக்கும் நடுவுல நான் மாட்டிக்கினு இருக்கேனே சார், என்னை எதுல சேத்துப்பீங்க?” என்று கேட்டாள் கொளஞ்சியம்மாள். அவர் குறித்துக்கொண்டு போனார். பிறகு கழிப்பறைத் திட்டத்தில் பணம் வந்து, நிழற்குடையோடு ஒட்டி ஒரு கழிப்பறை கட்டினார்கள்.

வருஷங்கள் போயின. பாவாடை சோற்றை உள்ளே தள்ளிவிட்டு வெளியே உட்கார்ந்து சாப்பிடுவார். அவள் சுற்றிலும் புடவையைக் கட்டி மறைத்துக்கொண்டு, கூலிக்கு மல்லாட்டை உடைத்து நிலக்கடலைப் பருப்பு எடுத்தாள். திருக்கோவிலூரில் வாழ்க்கைப்பட்ட மகள் எழில்மதி, பிறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தாயைப் பார்த்ததும் அழுதபடியே கூரையை நோக்கி நடந்தாள்.

“உள்ள வராதடி! அங்கியே நில்லு! புள்ள மூஞ்சிய மட்டும் இப்படி திருப்பிக் காட்டு!”

கொளஞ்சியம்மாள் போட்ட கூச்சலில் பிள்ளை வீறிட்டது. பேரனின் அழுத முகத்தை மட்டும்தான் அவள் பார்த்தாள். அன்று அவள் சோறு தின்னவில்லை.

நாலாம் வருஷம் வேறு ஏதோ திட்டத்தில் ரோடு வந்தது. அதில் டவுன் பஸ் வந்து நின்றது. கொளஞ்சியம்மாள் இறங்கி, மண்ணில் நின்று, ஏறினாள். கண்டக்டர் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே எங்கே என்று கேட்டார். மழைக்கு ஒதுங்கியவளுக்குப் போகுமிடம் ஏது? பேரன் ஞாபகம் வந்து திருக்கோவிலூர் என்றாள். கள்ளக்குறிச்சியில் மாறிக்கச் சொன்னார்.

அதன்பின் மாதம் ஒருமுறை பேரனைப் போய்ப் பார்த்தாள். ஊர்ப் பெண் பிள்ளைகள் அதே பஸ்ஸில் ஹைஸ்கூலுக்குப் போனார்கள். ஒன்றரை வருஷம் கழித்து டெப்போவிலிருந்து தமிழ்வேந்தன் என்ற அதிகாரி வந்தார்.

“இந்த ரூட்ல வசூல் கம்மி. நாளையிலேர்ந்து பஸ் கட்.”

ஊர் கெஞ்சியது. கொளஞ்சியம்மாள் கெஞ்சவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நிழற்குடைக்குள் ஏறினாள். “இன்னா புள்ள பண்ற!” என்று பாவாடை அலறினார். அவள் உள்ளே உட்கார்ந்துகொண்டாள்.

“இப்ப பஸ்ஸ கட் பண்ணுங்க சார்.”

அதிகாரி அவளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். மறுநாள் காலை பஸ் வந்தது.

அன்றிலிருந்து நிழற்குடை காலியாக இருப்பதில்லை. காலை பஸ் வந்ததும் நிழற்குடைக்குள் இருப்பவர் ஏறி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவார். பஸ் கிளம்பியதும் அடுத்த வீட்டு முறை. பஸ் ரிப்பேர் ஆனால் இரண்டு மூன்று நாளும் ஆகும், யாரும் குறை சொல்வதில்லை. போன தை மாதம் ராமசாமி தன் மகனுக்கு மலைமேல் பஸ் போகாத ஒரு ஊரில் பெண் கேட்கப் போனார். நகை, சீர் எல்லாம் பேசி முடித்த பிறகு, மருமகளும் முறைக்கு உள்ளே உட்கார வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். பெண்ணின் தகப்பனார் தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்தார்.

“அதனால இன்னாங்க? பஸ் வருதுல்ல?” என்று தட்டை நீட்டினார்.