இழு, தள்ளு

டெக்னோ நடன இசை கேட்கிற பிள்ளைகளுக்குப் பழைய இயந்திர இசை மேல் திடீரென்று பித்துப் பிடித்திருக்கிறது என்று யாரோ சொன்னபோது லுட்கார்ட் நம்பவில்லை. அந்தக் காலத்திலேயே அதைக் கேட்க ஆள் கிடையாது. பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்தில் அவளும் கூட வாசித்த வில்ஃப்ரீடும் வாடகைக் கொட்டகையில் ஒரு சின்தசைசரையும் டிரம் மெஷினையும் வைத்துக்கொண்டு 1987இல் ஒரே ஒரு இசைத்தட்டு போட்டார்கள். பாட்டு முழுக்க இரண்டே சொற்கள்: இழு, தள்ளு. வங்கிக் கதவில் எழுதியிருந்ததைப் பார்த்து எடுத்தவை. தட்டு விலைபோகவில்லை. வில்ஃப்ரீடும் போய்ச் சேர்ந்துவிட்டான்.

இப்போது யார்னே என்ற இளைஞன், அதை மறுபடி வெளியிட அனுமதி கேட்டு வந்து நின்றான். ஞாயிறு மதியம் துறைமுகக் கிடங்கில் நடக்கும் நடனக் கொண்டாட்டத்துக்கு அவளையும் கூப்பிட்டான். தட்டின் அட்டையில் வில்ஃப்ரீட் படம் வருமாம். 'குரல்: வில்ஃப்ரீட்' என்று பெரிதாகப் போடுவார்களாம். லுட்கார்டுக்குச் சுருக்கென்றது. கடையில் ரொட்டி கேட்கக்கூட வாய் திறக்காத மனிதன் அவன். பாடியது அவள். இந்தப் பையனுக்கு எங்கிருந்து இப்படித் தோன்றியது? கோபத்தைவிட இந்தக் கேள்விதான் அவளைக் குடைந்தது. காரணம் தெரிந்த பிறகு திருத்திக்கொள்ளலாம் என நினைத்து, வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

கிடங்கு நிறைய கறுப்புச் சட்டைகள். ஜூன் மாத வெயிலிலும் அவர்களுக்குக் கறுப்புதான். யார்னே தட்டை வைத்தான். டிரம் அடி கனமாக, ஆற அமர விழுந்தது. பிறகு குரல் வந்தது. சுரங்கத்துக்குள்ளிருந்து ஒரு தடியன் கத்துவதுபோல் இருந்தது. பிள்ளைகள் முஷ்டியை உயர்த்தி ஆடினார்கள். லுட்கார்ட் வாயைப் பிளந்து நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தட்டு சுற்றும் அழகைக் கவனித்தாள்.

நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று சுற்ற வேண்டிய தட்டு அது. அச்சடித்தவன் தட்டின் மேல் வேகத்தைப் போட மறந்துவிட்டான். கனமாகக் கேட்க வேண்டும் என்று நாற்பத்தைந்தை முப்பத்து மூன்றில் ஓட்டுவது பெல்ஜியத்துக்காரர்களின் பழைய கெட்ட பழக்கம். வேகம் குறைந்ததும் குரலும் தடித்து, அந்தப் பழக்கம் அவளை ஆணாக்கிவிட்டது.

யார்னேயின் காதருகே போய்ச் சொன்னாள்: "தம்பி, அது என் குரல். நாப்பத்தஞ்சுல போட்டுப் பாரு."

"வெளையாடாதீங்க மேடம். இத்தன நாளா இவங்க வில்ஃப்ரீட் குரலுக்குத்தான் ஆடிக்கிட்டிருக்காங்க."

ஆனாலும் அவனுக்கும் ஆசை விடவில்லை. பொத்தானை அழுத்தினான். பாட்டு வாலில் தீப்பிடித்த மாதிரி ஓடியது. தட்டில் ஒரு பெண் கீச்சென்று கத்தினாள். ஆடியவர்கள் தடுமாறினார்கள். யாரோ சிரித்தார்கள். பாதிப் பேர் பியர் வாங்கப் போய்விட்டார்கள். இதை வெளியிட்டால் ஒருவரும் சீண்டமாட்டார்கள் என்று யார்னே முனகினான்.

லுட்கார்டுக்கு அழுகை முட்டியது. இதே ஊர் இதே பாட்டுக்கு அன்றும் இப்படித்தான் சிரித்தது. அதைவிட எரிச்சல், மெதுவாக ஓடியதுதான் அவளுக்கும் பிடித்திருந்தது.

"திரும்ப மெதுவாப் போடு. மைக் எங்க?"

டிரம் அடி விழுந்தது. "இழு" என்று கத்தினாள். நாற்பது வருடச் சிகரெட்டும் வயதும் அவள் குரலை எங்கேயோ கீழே கொண்டுபோய் வைத்திருந்தன. தட்டில் வந்த குரலும் அவள் வாயில் வந்த குரலும் ஒன்றாகவே இருந்தன. பியரோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "தள்ளு" என்றாள். முஷ்டிகள் மேலே போயின. யார்னே தட்டைப் பார்த்தான், அவள் தொண்டையைப் பார்த்தான், மறுபடி தட்டைப் பார்த்தான்.

பாட்டு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்தான். அட்டையில் யார் பெயரைப் போடட்டும், வேகம் எவ்வளவு என்று அச்சடிக்கட்டும் என்று கேட்டான்.

லுட்கார்ட் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "பேரு என்னோடது. வேகம் உங்க இஷ்டம்."