நழுவிய கிளை

குளிர்க் கிடங்கில் மீன் பெட்டிகளை அடுக்கும் வேலை அவளுக்கு. கொளுத்தும் வெயிலிலும் தலையை விட்டு இறங்காத கம்பளித் தொப்பியால் வீட்டில் அவள் பெயரே கம்பளி என்றாகிவிட்டது. வேலை முடிந்து வந்தால் அகோரப் பசி எடுக்கும். அவள் தட்டை எட்டிப் பார்த்து, "கிடங்கையே முழுங்கினாலும் இவளுக்கு அடங்காது" என்பான் அண்ணன்.

அண்ணி மட்டும் சிரிக்க மாட்டாள். அவள் ஆய்வகத்தில் எலிகளை வைத்துக் கொழுப்பைப் பற்றி ஆராய்பவள். கம்பளிக்கு அவள்மேல் அப்போது பெரிய மதிப்பு கிடையாது. "எலிக்குக் குளிருதான்னு பாக்க ஒரு படிப்பு, அதுக்கு ஒரு சம்பளம்" என்று தோழிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

ஒருநாள் அண்ணியின் வண்டி மக்கர் செய்ததால் கம்பளிதான் ஆய்வகத்தில் கொண்டுபோய் விட்டாள். வந்ததுதான் வந்தோம் என்று உள்ளேயும் நுழைந்தாள்.

மயக்கத்தில் கிடந்த எலியின் இடுப்பை அண்ணி நுண்ணோக்கியின் கீழ் திறந்து வைத்திருந்தாள். அவள் விரல்கள் அசைகின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை. வீட்டில் டம்ளரைக்கூட நழுவவிடும் அண்ணியா இவள்! கண்ணை வைத்துப் பார்த்த கம்பளிக்கு, தலைமுடியைவிட மெல்லிய வெள்ளை இழை ஒன்று தெரிந்தது.

"அதான் நரம்பு," என்றாள் அண்ணி. "கொழுப்புன்னா சும்மா கிடக்கிற மூட்டைன்னு நினைக்காதே. லெப்டின்னு ஒரு ஹார்மோனைச் சுரந்து, 'இருப்பு போதும்'னு மூளைக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். குளிர்ல வச்சா அந்தச் சுரப்பு குறைஞ்சுபோகுது, பசி கூடுது. குளிர் நேரா கொழுப்பைத் தொட்டுக் குறைக்குதா, இல்ல மூளைதான் நரம்பு வழியா உத்தரவு போட்டுக் குறைக்குதா? அதுதான் எனக்குத் தெரியணும்."

"எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"இடுப்புல ரெண்டு பக்கமும் கொழுப்பு இருக்கு. ஒரு பக்கத்து நரம்பை மட்டும் வெட்டிடுவேன். குளிர் ரெண்டுக்கும் பொது. உத்தரவு ஒரு பக்கத்துக்குத்தான் போகும்."

கம்பளிக்குப் பளிச்சென்று புரிந்தது. "அப்போ என் பசிக்கும் இதுதான் காரணமா அண்ணி?"

"எலியைப் பாத்து உனக்கு ஜோசியம் சொல்ல மாட்டேன்."

"அண்ணன்கிட்ட மட்டுமாவது ஆமான்னு சொல்லுங்களேன்!"

அண்ணி சிரித்தாளே தவிர, அந்தப் பொய்யைச் சொல்ல இசையவில்லை.

சில மாதங்களில் முடிவு வந்தது. குளிரில் வைத்த எலிகளில் இரண்டு பக்கமும் லெப்டின் ஒன்றுபோலக் குறைந்திருந்தது. நரம்புக்கு இதில் வேலையே இல்லை என்று அறிவித்துவிடலாம் என ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியர் துள்ளினார். மாநாடும் நெருங்கியிருந்தது. அண்ணியோ வீட்டில் பேயறைந்தவள்போல உட்கார்ந்திருந்தாள்.

"நல்ல சேதிதானே அண்ணி?"

"என் கத்திமேலதான் எனக்குச் சந்தேகம்."

நரம்பு தன் முனையில் நோரட்ரினலின் என்ற ரசாயனத்தை வைத்திருக்கும். நரம்பு முழுதாக அறுந்திருந்தால் கொழுப்பில் அது கிட்டத்தட்ட இல்லாமலே போயிருக்க வேண்டும். உறைபெட்டியில் எடுத்து வைத்திருந்த துண்டுகளை அண்ணி சோதித்தாள். வெட்டாத பக்கத்தில் இருந்ததில் பாதிக்கு மேல் வெட்டிய பக்கத்திலும் இருந்தது! எங்கோ ஒரு கிளை கத்திக்குத் தப்பிப் பிழைத்து உத்தரவைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறது.

அன்று அண்ணியை அழைத்துவரப் போன கம்பளி, பேராசிரியரின் அறை வாசலில் நின்றபடி உள்ளே நடந்த பேச்சைக் கேட்டாள்.

"இதையெல்லாம் மாநாட்டுல யாரும் கேக்க மாட்டாங்கம்மா."

"நான் கேட்டுட்டேனே சார்."

அவ்வளவுதான். மாநாட்டுப் பேச்சை ரத்து செய்துவிட்டு அண்ணி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நரம்பின் ஒவ்வொரு கிளையையும் சாயமேற்றித் தேடினாள். ரத்தக்குழாயின் முதுகில் ஒட்டிக்கொண்டு போன ஒன்று கடைசியில் பிடிபட்டது. இந்த முறை முதலில் நோரட்ரினலினைத்தான் பார்த்தாள். நரம்பு அறுந்தது உறுதியான பிறகே லெப்டினை அளந்தாள். நரம்பு இருந்த பக்கம் அது சரிந்திருந்தது. அறுந்த பக்கம் குளிரைக் கண்டுகொள்ளவேயில்லை. உத்தரவு நரம்பு வழியாகத்தான் வந்திருக்கிறது.

அடுத்த மாநாட்டுக்குக் கம்பளி விடுப்பு எடுத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அண்ணி திரையில் முதலில் காட்டியது தோற்றுப்போன சோதனையைத்தான். சரியான முடிவு கையில் இருக்கும்போது அது எதற்கு என்று ஒருவர் கேட்டார்.

"அந்தக் கிளை எங்கே ஒளிஞ்சிருக்குன்னு அடுத்து வெட்டறவங்களுக்குத் தெரியணுமே," என்றாள் அண்ணி.

முன்வரிசையில் இரண்டு பேர் மளமளவென்று குறிப்பெடுக்க ஆரம்பித்தார்கள். பேராசிரியர்தான் முதலில் கை தட்டினார். பக்கத்தில் இருந்தவர் கேட்காமலேயே கம்பளி அவர் பக்கம் சாய்ந்து, "எங்க அண்ணி" என்றாள்.