அக்னெஸ் கேட்ட கேள்வி

விடிவதற்கு முன்பே சலவைத் தொழிற்சாலைக்குள் கோடை தொடங்கிவிடும். வெளியே செயின்ட்-மிஷேல் தெருக்கள் உறைந்து கிடக்க, உள்ளே நீராவி முகத்தில் அறையும். ஹோட்டல் படுக்கை விரிப்புகள் பிழிந்த ஈரத்தோடு வண்டிகளில் குவிந்திருக்கும். அக்னெஸ் ஒரு முனையையும் தாட்சாயினி மறுமுனையையும் பிடித்து, உதறி, சுருக்கமில்லாமல் இழுத்து, கொதித்துச் சுழலும் உருளைக்குள் கொடுப்பார்கள். கொடுத்த கை அடுத்த விரிப்புக்குப் போய்விட வேண்டும். ஈரத்துணியின் பாரம் முதலில் மணிக்கட்டில் தெரியும், பிறகு தோளில், மத்தியானத்துக்குப் பிறகு எங்கே நோகிறதென்றே தெரியாது.

உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. விரல் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். துணி மடிந்து பட்டாலும் நிற்கும். நின்றால் வேலை பிந்தும் என்று மேற்பார்வையாளர் அந்தக் கம்பியை அசையாமல் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார். மார்கழியில், அவர்களோடு விரிப்புப் பிடித்த நிரஞ்சனியின் வலது கை விரிப்போடு உள்ளே போனது. அம்புலன்ஸ் அவளை ஏற்றிக்கொண்டு போனதும் உருளையைத் துடைத்துவிட்டுத் திரும்ப ஓடவிட்டார்கள். கம்பியை யாரும் அவிழ்க்கவில்லை.

"அவள் எங்கள் ஆள் இல்லை, ஏஜென்சி ஆள்" என்றது தொழிற்சாலை. தொழிற்சாலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் அந்த ஏஜென்சி என்பது தியாகலிங்கம். "கதைச்சுக் கதைச்சு வேலை செய்தா இப்பிடித்தான்" என்றார் அவர்.

அவரை எதிர்த்துப் பேச எவருக்கும் துணிவில்லை. அவருடைய வான் வண்டியில்தான் வேலைக்குப் போனார்கள். நாளைக்கு யாருக்கு வேலை என்பதை மாலையில் அவர்தான் தொலைபேசியில் சொல்வார். அழைப்பு வராதவர் வீட்டில் இருக்க வேண்டியதுதான். அக்னெஸின் கணவர் அருமைராசா முதுகு வருத்தத்தோடு வீட்டில் கிடந்தார். இஸ்திரி மேசையில் மடிக்கும் புஷ்பவதியின் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. தியாகலிங்கம் நினைத்தால் அதையும் குழப்பிவிடலாம் என்று புஷ்பவதி நம்பினார். முடியாது என்று சொல்லிக்கொடுக்கவும் ஆளில்லை.

பனி கொட்டிய ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் தியாகலிங்கம் உள்ளே வந்தார்.

"எல்லாரையும் கட்சியிலை சேக்கிறன். பேரையும் விலாசத்தையும் சொன்னாப் போதும், பிரஜாவுரிமை இல்லாட்டியும் சேரலாம்."

"ஏன் அண்ணை?" என்று கேட்டாள் தாட்சாயினி.

"இந்தத் தொகுதியிலை கட்சிக்கு ஆர் நிக்கிறதெண்டு கட்சி ஆக்கள்தான் வோட் போட்டு முடிவெடுக்கிறது. வீடு விக்கிற எங்கட டனிஸ்ரனும் கேக்கிறார். மற்றது ஒரு ஹெயிட்டிக்காரி, நேர்ஸ். எங்கட பெடியன் ஒருத்தன் பாராளுமன்றம் போக வேண்டாமே? ஞாயிற்றுக்கிழமை வான் வரும். அவற்றை பேருக்கு நேரை புள்ளடி போட்டிட்டு வாங்கோ."

"ஞாயிறு பூசை இருக்கு, அண்ணை" என்றாள் அக்னெஸ்.

"பூசை முடியத்தான் கூட்டம்."

"வராட்டி?"

தியாகலிங்கம் சிரித்தார். "வாறவைக்கு வேலை இருக்கும் பிள்ளை."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வானில் ஏறினார்கள். கண்ணாடிகளில் மூச்சுப் படிந்து தெருவே தெரியவில்லை. எங்கே கொண்டுபோகிறார்கள் என்று தெரியாமல் போவது போலிருந்தது அக்னெஸுக்கு.

பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. டனிஸ்ரன் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பேசி, கடைசியில் தமிழில் வணக்கம் சொன்னார். தியாகலிங்கம் கை காட்ட, எல்லோரும் கைதட்டினார்கள். ஹெயிட்டிக்காரத் தாதி தன் மருத்துவமனையைப் பற்றிப் பேசினார். பிறகு கேள்விகள் கேட்கலாம் என்று அறிவித்தார்கள்.

அக்னெஸ் எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் தான் எழுந்திருப்பது அவளுக்கே தெரிந்தது. தியாகலிங்கம் விரைந்து வந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். "நான் மொழிபெயர்க்கிறன். சுருக்கமாச் சொல்லு" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எங்களோட வேலை செய்யிற பிள்ளையின்ரை கை மிசினுக்குள்ளை போயிட்டுது" என்றாள் அக்னெஸ். "தொழிற்சாலை தன்ரை ஆள் இல்லை எண்டுது. ஏஜென்சி அவளிலை பிழை எண்டுது. அப்ப அந்தக் கைக்கு ஆர் பொறுப்பு? நீங்கள் வெண்டா இதைக் கேப்பியளோ?"

தியாகலிங்கம் புன்னகையோடு பிரெஞ்சில் ஏதோ சொன்னார். மண்டபம் கைதட்டியது. டனிஸ்ரன் அக்னெஸைப் பார்த்துக் கைகூப்பினார்.

தாட்சாயினி மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவர் சொன்னது விளங்கியது. கை போன கதையே அதில் இல்லை; அக்னெஸ் டனிஸ்ரனை வாழ்த்துவதாக மாற்றியிருந்தார். வாயைத் திறந்தால் நாளைக்கு வேலை இல்லை. திறக்காவிட்டால் இனி அக்னெஸின் முகத்தைப் பார்த்து விரிப்புப் பிடிக்க முடியாது.

"நோ, மெஸ்யூ!" என்று கத்தினாள். "அக்கா அப்பிடிக் கேக்கேல்லை!"

தெரிந்த பிரெஞ்சில், சொற்கள் முன்பின்னாகப் புரள, அக்னெஸின் கேள்வியை முழுவதும் சொன்னாள். தடுப்புக் கம்பிக்குப் பிரெஞ்சுச் சொல் தெரியவில்லை. இரண்டு கைகளாலும் உருளையையும் கம்பியையும், அதைக் கட்டி வைத்திருந்த விதத்தையும் காட்டினாள்.

டனிஸ்ரன் இது துயரமான விடயம் என்றார்; தனிப்பட்ட முறையில் பேசலாம் என்றார். தாதி ஒன்றுதான் கேட்டார். தாட்சாயினி அதைத் தமிழில் சொன்னாள்: "அந்தக் கம்பி இப்பவும் கட்டித்தான் கிடக்கோ எண்டு கேக்கிறா."

"ஓம்" என்றாள் அக்னெஸ். "இப்பவும் கட்டித்தான் கிடக்கு."

வாக்களிப்பு நடந்தது. மறைப்புக்குப் பின்னால் யார் யாருக்குப் புள்ளடி போட்டார்கள் என்று ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை.

வெளியே வான் புகை கக்கிக்கொண்டு நின்றது. தியாகலிங்கம் கதவடியில் நின்றார்.

"அக்னெஸும் தாட்சாயினியும் நடந்து போகட்டும். மற்றாக்கள் ஏறுங்கோ. சோறு போட்டவனைச் சபையிலை வைச்சு அவமானப்படுத்துறியளோ?"

"நாங்கள் வேலை செய்துதான் சாப்பிட்டனாங்கள் அண்ணை" என்றாள் அக்னெஸ்.

"நாளைக்கு எங்கை வேலை செய்யிறாய் எண்டு பாப்பம்."

மற்றவர்கள் தலை குனிந்து ஒவ்வொருவராக ஏறினார்கள். அக்னெஸுக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. போன மாதம் அவளும் அப்படித்தான் ஏறியிருப்பாள். கதவு இழுபட்டது. வான் அசையவில்லை. உள்ளே யாரோ கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டது.

கதவு திரும்பத் திறந்தது. புஷ்பவதி ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன, மண்டபத்திலை ஏதும் விட்டிட்டு வந்தனீங்களோ?" என்றார் தியாகலிங்கம்.

"இல்லை." அவர் குரல் கேட்காத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. "நான் அவையோட வாறன்."

"உங்கட கேஸ் இன்னும் முடியேல்லை. யோசிச்சுச் செய்யுங்கோ."

புஷ்பவதி மற்றக் காலையும் பனியில் வைத்தார். அவருக்குப் பின்னால், அவரோடு இஸ்திரி மேசையில் நிற்கும் றொசானா இறங்கினாள். பிறகு வேறு ஆட்களும் இறங்க, வானுக்குள் சிலர்தான் மிஞ்சினார்கள். அவர்களும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இறங்கியவர்கள் காற்றுக்கு முதுகைக் காட்டி, பஸ் தரிப்பில் ஒருவரோடொருவர் ஒட்டி நின்றார்கள். டனிஸ்ரன் வென்றுவிட்டார் என்ற செய்தி பஸ்ஸில் போகும்போதே தொலைபேசியில் வந்தது. வித்தியாசம் கொஞ்சம்தானாம். புஷ்பவதி அழத் தொடங்கினார். "என்ன செய்துபோட்டன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். றொசானா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போக யாருக்கும் மனம் வரவில்லை. நிரஞ்சனியின் வீட்டு மணியை அழுத்தினார்கள். அவள் இடது கையால் கதவைத் திறந்து, எல்லோரையும் பார்த்துப் பயந்துபோனாள்.

"எல்லாரும் ஒண்டா வந்திருக்கிறியள். ஆரும் செத்துப்போச்சினமோ?"

"இல்லையடி. தள்ளு, குளிர் உள்ளுக்கை வருது" என்றாள் அக்னெஸ்.

சிறிய அறை. தரையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். நடந்ததை ஒருவர் விட்ட இடத்திலிருந்து ஒருவர் சொன்னார்கள். நிரஞ்சனி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப நாளைக்கு?"

"வான் வராது. பஸ்ஸிலை போவம்" என்றாள் தாட்சாயினி. "வானுக்குள்ளை வாறவைக்கும் வாசலிலை நிண்டு சொல்லுவம். அந்தக் கம்பியை அவிட்டாத்தான் துணியிலை கை வைக்கிறது."

"உள்ளை விடாட்டி?"

"வாசலிலை நிப்பம்."

நிரஞ்சனி கட்டின் அவிழ்ந்த நுனியை இடது கையால் உள்ளே செருகினாள்.

"விடிய எத்தினைக்கு பஸ்? நானும் வாறன்."

"உனக்கு அங்கை என்ன வேலையடி, இந்தக் கையோட?" என்றாள் அக்னெஸ்.

"இந்தக் கையை அவங்கள் ஒருத்தரும் இன்னும் பாக்கேல்லை" என்றாள் நிரஞ்சனி. "கொண்டு போய்க் காட்டவேணும்."

புஷ்பவதி முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் தேத்தண்ணி வைக்க எழுந்தார்.