ஆறட்டும் இன்ஜின்

தையல்காரரின் பழைய பைக்குக்கு ஒரு கெட்ட பழக்கம். விடிந்ததும் உதைத்தால் இருமும், முனகும், கிளம்ப மட்டும் செய்யாது. தள்ளி ஓடி ஒருவழியாகக் கிளப்பி மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி அத்தனை சமர்த்து. "வண்டி நல்லாத்தானே இருக்கு?" என்று அவன் திருப்பி அனுப்பிவிடுவான்.

வண்டி கிடக்கட்டும், அவர் கவலை வேறு. ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் மனைவியை அதில்தான் கொண்டுபோய் விடுவார். அம்மா, அப்பா, பிள்ளைகள், ஓயாமல் அலறும் டிவி என்று நிறைந்த வீட்டில், புருஷனும் பெண்டாட்டியும் நிம்மதியாக நாலு வார்த்தை பேசுவது அந்த வழியில் மட்டும்தான். தாமதமாகப் போய்த் திட்டு வாங்கி அலுத்தவள், ஆஸ்பத்திரி வேனில் ஓர் இடம் கேட்டு வைத்திருந்தாள். இன்று மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். போகாதே என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஆகவே மெக்கானிக்கின் கையைக் காலைப் பிடித்து வீட்டுக்கே வரவழைத்தார். "நான் வர்ற வரைக்கும் வண்டியை யாரும் தொடக்கூடாது" என்று சொல்லித்தான் அவனும் ஒப்புக்கொண்டான்.

ஆனால் மனுஷனுக்கு மானம் பெரிதாயிற்றே! அக்கம்பக்கம் பார்க்க, வந்தவன் முன்னால் வண்டி இருமிக்கொண்டு நிற்பதா? விருந்தாளி வருமுன் வீட்டைப் பெருக்குவதுபோல, விடியலிலேயே தள்ளிக் கிளப்பித் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்திவிட்டார்.

மெக்கானிக் வந்து இன்ஜினில் கை வைத்தான். வெடுக்கென்று எடுத்தான்.

"அண்ணே, யாரு ஓட்டினது?"

தையல்காரர் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் விழித்தார். மனைவி சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து அவள் மாமியாரே எட்டிப் பார்த்தார்.

"நல்லா ஆறட்டும், ஆறினாத்தான் கோளாறு தெரியும். நான் வேற வேலை முடிச்சிட்டு வரேன். அக்கா, இவரைக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

அவளுக்கு அன்று மதியம்தான் வேலை. வண்டிக்குக் காவலாக இருவரும் வாசல் படியில் உட்கார்ந்தார்கள். பெரியவளின் பள்ளிக்கூடம், அவர் கெடுத்த ஒரு ரவிக்கை, லேபில் மயங்கி விழுந்த ஒரு பயில்வான் என்று பேச்சு நீண்டது. அவருக்கு மனசு நிறைந்திருந்தது. இன்ஜின் ஆறவே வேண்டாம் என்றுகூட நினைத்தார்.

மெக்கானிக் திரும்பி வந்து, ஆறின இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கை இழுத்து உதைத்துப் பார்த்துவிட்டுப் பிளக்கைக் கழற்றினான்.

"காஞ்சு கிடக்கு பாருங்க. பெட்ரோல் வந்திருந்தா நனைஞ்சிருக்கும்." கார்புரேட்டர் பக்கம் குனிந்தான். "இப்ப சோக்கை இழுங்க. மறுபடியும். அண்ணே, மேல நீங்க இழுக்குறீங்க, கீழ ஒண்ணும் அசையவே இல்ல! கேபிள் நைஞ்சு நீண்டு போச்சு. சூடான வண்டிக்குத்தான் சோக்கே வேணாமே, அதான் என் கடையில மட்டும் நல்ல பேரு வாங்குது."

பையிலிருந்து புதுக் கேபிளை எடுத்து மாட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் போன் அடித்தது. வேன்காரர். அவள் எடுத்தாள்.

"அண்ணே, அந்த இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க. நான் வரல."

"ஏய், வண்டி இன்னும் ஸ்டார்ட்டே ஆகல!" என்று பதறினார் அவர்.

"ஆகலன்னா தள்ளிட்டுப் போவோம்" என்றாள் அவள். "பேசுறதுக்கு இன்னும் நேரம் கிடைக்கும்."

மெக்கானிக் கேபிளை மாட்டி முடித்து நகர்ந்தான். தையல்காரர் சோக்கை இழுத்து உதைத்தார்.

முதல் உதையிலேயே வண்டி கிளம்பியது.