வடாமின் வாலில் ஓர் ஓட்டை

முடிச்சூர் சுந்தரவல்லி மொட்டைமாடியில் பழைய வேட்டி மேல் வரிசையாக இட்ட ஜவ்வரிசி வடாம், மாசி மாதத்துக் காலை ஒன்றில் தானாக நகர்ந்து ஒரே உருவமாகச் சேர்ந்து, சூரியன் பக்கம் மூக்கு மழுங்கி, எதிர்ப்பக்கம் நீளமாக வால் விட்டு நின்றது. வெயில் மேற்கே சாய்ந்தபோது மூக்கும் கூடவே மேற்கே திரும்பியது. முதலில் காக்காயைத் திட்டினாள். பிறகு குடியிருப்புச் சங்கச் செயலாளர் சத்யநாராயணனைச் சந்தேகப்பட்டாள். பொது மாடியில் வடாம் இடக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டிய புண்ணியவான் அவர்தான். அவர் ஏறி வந்து பார்த்தார். நகர்ந்தால் நகரட்டும், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகாமலிருந்தால் சரி என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வேட்டி மெல்லிசாகி வடாம் வழுக்குகிறதோ என்று கேட்கத்தான் மகள் மாளவிகாவுக்குப் படம் அனுப்பினாள். மாளவிகாவுக்கு வெளிநாட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. பூமியைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத காந்த உறை ஒன்று இருக்கிறதாம். சூரியன் சீறும்போதெல்லாம் அடியை அதுதான் வாங்கிக்கொள்கிறதாம். அதைத் தூரத்துச் செயற்கைக்கோளிலிருந்து படம் பிடித்து, வரப்போகும் புயலை முன்கூட்டிச் சொல்வது அவள் உத்தியோகம். நாலு வருஷமாக ஊருக்கு வராததற்கும் அதுவே சாக்கு. சூரியன் சரியில்லம்மா, இப்ப லீவு கிடைக்காது என்பாள். சூரியனுக்கு உடம்பு தேவலையா என்று காலனியில் விசாரிப்பார்கள். சுந்தரவல்லி சிரித்து வைப்பாள். உள்ளே பற்றி எரியும்.

படம் போன கையோடு போன் வந்தது. "அம்மா, அதைப் பொரிச்சுடாதே."

சூரியன் பக்கம் நசுங்கி மறுபக்கம் வால் நீண்ட அந்தக் காந்த உறையைச் செயற்கைக்கோள் காட்டியபடியேதான் வடாமும் காட்டியது. சொல்லப்போனால் இன்னும் பளிச்சென்று. அன்றிலிருந்து வேளைக்கொரு படம் போயிற்று. சூரியன் சீறி வடாமின் மூக்கு நசுங்கிய நாட்களில் போனில் மேப் தடுமாறியது, முடிச்சூருக்கு வர வேண்டிய பார்சல்கள் திருநீர்மலைக்குப் போய் நின்றன. சத்யநாராயணன் நோட்டீஸைத் தானே கிழித்துவிட்டு, வெளியே கிளம்புமுன் மாடி ஏறிப் பார்க்கப் பழகிக்கொண்டார். ஒன்றுதான் ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் விளங்கவில்லை. மத்தியானமானால் வாலின் நடுவே ஓர் ஓட்டை விழுந்தது. எந்தக் கணக்குக்கும் அடங்காத ஓட்டை. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா என்று ஆய்வுக்கூடமே மாளவிகாவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தது.

"முட்டிவலின்னு சொன்னப்ப வரல. வடாம்னதும் வந்துட்டே," என்றாள் சுந்தரவல்லி, பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டே.

மாளவிகா கேமராவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், காக்காயை மிரட்ட விரித்து வைத்திருந்த கறுப்புக் குடையின் நிழலில் உட்கார்ந்தாள்.

உச்சி வெயிலில் சுந்தரவல்லி முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். வாலருகே குனிந்து, மேலே காய்ந்து உள்ளே பிசுபிசுவென்று இருந்தவையாகப் பார்த்து, ஒரு கைப்பிடி உரித்துச் சம்புடத்தில் போட்டாள்.

"என்னம்மா பண்றே?"

"உன் பங்குடி. அரைக்காய்ச்சல்தானே உனக்குப் பிடிக்கும்? தினம் எடுத்து வைப்பேன். சாயங்காலம் காக்காய்க்குப் போட்டுடுவேன்."

மாளவிகா ஓட்டையைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. வடாமை வாயில் போட்டுக்கொண்டே அழுதாள். சம்புடம் காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை. ஓட்டை குடும்ப விஷயம், அதற்கும் சூரியனுக்கும் சம்பந்தமில்லை என்று ஆய்வுக்கூடத்துக்கு எழுதிப் போட்டாள். அவர்களும் சரியென்று விட்டுவிட்டார்கள்.

இப்போதெல்லாம் மாசி பிறந்தால் வந்துவிடுகிறாள், சூரியன் எப்படி இருந்தாலும். வடாம் பாட்டுக்கு நகர்கிறது. உப்புதான் ஒரு சிட்டிகை தூக்கல் என்கிறார் சத்யநாராயணன். சாயங்காலம் காக்காய்கள் கைப்பிடிச் சுவரில் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விடுகின்றன.